ஒஃப்பா, ஒவ்வா? ‘வன்-ஒஃப்’ என்ற சொல்லைப் பிழையில்லாமல் கையாள

2011ஆம் ஆண்டு. மீள்குடியேறி வந்து தகரக் கொட்டில்களில் இருந்த காலம். விசுவமடுப் பக்கத்தில் ஒரு கிராமத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. கோழி வளர்ப்புக்கு உதவி தருவதாகச் சொல்லியிருந்த நிறுவனம் ஒன்றின் கடிதம். சங்கத் தலைவி அக்கா அதைக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். ஊரில் ஆங்கிலம் வாசிக்கக்கூடியவன் என்று என்னைத்தான் சொல்வார்கள்.

கடிதத்தில் ‘வன்-ஒஃப் கிரான்ற்’ என்று இருந்தது. நான் அதை ‘வன் ஒவ்’ என்று வாசித்து, “மானியங்களில் ஒன்று” என்று சொன்னேன். மானியங்களில் ஒன்று என்றால் மற்றவையும் பின்னால் வரும் என்றுதானே யாரும் விளங்கிக்கொள்வார்கள்? ஓர் அக்கா தன் பங்குக் காசு முழுவதையும் கம்பி வலை, மரம், தகரம் என்று கூட்டுக்கே போட்டு முடித்தார். குஞ்சும் தீனும் அடுத்த காசில் வாங்கலாம் என்பது அவருடைய கணக்கு. அடுத்த காசு வரவில்லை. நல்ல உயரமாக, காற்றோட்டமாகக் கட்டிய கூடு மாரி வரைக்கும் வெறுமையாகவே நின்றது. பிறகு நனையாமல் இருக்கட்டும் என்று அதற்குள் விறகு அடுக்கினார்.

‘வன்-ஒஃப்’ என்றால் ஒருதடவை மட்டும், இனி இல்லை என்று பொருள். கடிதத்தில் பிழை இருக்கவில்லை. நான் வாசித்ததுதான் பிழை. ஒரு எழுத்து.

உயர்தரம் முடித்துவிட்டுப் பிரதேச செயலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஏதாவது திட்டத்தின் களப்பணியிலோ புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இந்த நாட்டின் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. வன்னியில் அதன் அர்த்தம் என்னவென்றால், காசு தருகிறவரின் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும், அதைச் சனத்துக்கு விளங்கப்படுத்துகிற வேலை உங்கள் தலையில் விழும். அந்த வேலையில் அடிக்கடி சந்திக்கப்போகிற சின்னச் சொல் இது.

முதற்படி: எஃப் எத்தனை என்று எண்ணுங்கள்

கடிதத்தில் ‘வன்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடும் அதற்கு அப்பால் ஓ, எஃப், எஃப் என்று மூன்று எழுத்தும் இருந்தால் அது ‘வன்-ஒஃப்’. ஓ, எஃப் என்று இரண்டே எழுத்து என்றால் அது ‘வன் ஒவ்’. இரண்டும் வேறு வேறு சொற்கள், ஒன்றின் சுருக்கம் மற்றொன்று இல்லை. அவசரத்தில் கண் இரண்டாவது எஃப்பைத் தாண்டிப் போய்விடும், எனக்கு அன்று நடந்தது அதுதான். ஆகவே விரலை வைத்து எண்ணுங்கள்.

கண்ணுக்குப் பிறகு காது. ஆங்கிலத்தின் விசித்திரம், ஒரு எஃப் உள்ள சொல்லின் கடைசி ஒலி எஃப்பே இல்லை, அது ‘வ்’. இரண்டு எஃப் உள்ளதில்தான் உண்மையான ‘ஃப்’ ஒலி இருக்கிறது. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். ‘ஒவ்’ என்று இழுக்கும்போது விரலுக்கு அதிர்வு தெரியும். ‘ஒஃப்’ என்று சொல்லும்போது கடைசியில் அதிர்வு நின்று வெறும் காற்று மட்டும் பல்லுக்கும் உதட்டுக்கும் இடையால் போகும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர் ‘ஒவ்’ என்பதை விழுங்கிவிடுவார், அது கேட்டும் கேட்காமலும் போகும். ‘வன்-ஒஃப்’ சொல்லும்போது ‘ஒஃப்’ அழுத்தமாக, தெளிவாக வரும். கூட்டத்தில் காதால் கேட்டு மொழிபெயர்க்கிறவர்களுக்கு இது கைகொடுக்கும்.

நமக்கு இதில் ஏன் கூடுதல் தடுமாற்றம் என்றால், ‘ஒஃப்’ ஏற்கனவே நம்முடைய பேச்சுக்குள் குடியேறிவிட்டது. அம்மம்மா காலத்தில் “லைற்றை நூர்” என்றார்கள். இப்போது “ஓவ் பண்ணு” என்கிறோம். அந்த ‘ஓவ்’ எந்தச் சொல்லின் ஒலி என்று பாருங்கள், இரண்டு எஃப் உள்ள சொல்லுக்கு ஒரு எஃப் உள்ளதன் ஒலியைக் கொடுத்து வைத்திருக்கிறோம். காதில் இரண்டும் ஒன்றாகிவிட்டபின் கையில் எழுதும்போதும் ஒன்றாகத்தானே வரும்? அப்புறம், வேலைக்குப் போகாத நாள் “இண்டைக்கு எனக்கு ஓவ்”. வருசத்துக்குப் புடவைக் கடை வாசலில் தொங்கும் 20 வீதம் ‘ஒஃப்’ விலைக்கழிவு. இந்த மூன்றில் எதுவும் ‘வன்-ஒஃப்’ உள்ளே இருக்கிற ‘ஒஃப்’ இல்லை. அணைப்பதும் இல்லை, லீவும் இல்லை, கழிவும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பிறகு ஒருநாளும் மறக்காது.

இரண்டாம் படி: பட்டறையில் அதைப் பாருங்கள்

கிளிநொச்சியில் நான் வழக்கமாக லான்மாஸ்டர் என்கிற இருசில்லு உழவு இயந்திரத்தின் சாமான் திருத்தக் கொடுக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. ஒருநாள் அங்கே நின்றபோது அறிவியல்நகர் பொறியியல் பீடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு வரைபடத்தோடு வந்தார்கள். படத்தின் ஓரத்தில் சாமான் பட்டியல். ‘பிளேற் – 4 ஒஃப், ஷாஃப்ற் – 1 ஒஃப்’ என்று இருந்தது. புதிதாகச் சேர்ந்த பெடியன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணை, இதில எதை ஓவ் பண்ணச் சொல்லுது?” என்று கேட்டான்.

பட்டறைக்கார அண்ணை கிரைண்டரை நிறுத்தினார். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவரிடம் தொழில் பழகியவர் அவர். ஆங்கிலம் பேசமாட்டார், வரைபடம் வாசிப்பார். “ஓவ் பண்ணுறதில்லையடா. பிளேற் நாலு வெட்டு, ஷாஃப்ற் ஒண்டு கடை. அவ்வளவுதான் சொல்லுது” என்றார்.

சொல்லின் பிறப்பிடம் அதுதான். ஆங்கிலேயரின் பட்டறைகளிலும் வார்ப்பு ஆலைகளிலும் ஒரு எண்ணை எழுதிப் பக்கத்தில் ‘ஒஃப்’ என்று போட்டால், இத்தனை உருப்படி செய்யவேண்டும் என்று பொருள். 20 ஒஃப் என்றால் இருபது. 1 ஒஃப் என்றால் ஒன்றே ஒன்று. பிரித்தானிய வரைபடங்களில் இந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. ‘வன்-ஒஃப்’ என்று தனிச் சொல்லாக நிற்பதற்கு ஒக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி காட்டும் பழைய சான்று 1934ஆம் ஆண்டுக்குரியது. அதுவும் பிரித்தானிய வார்ப்புத் தொழிலாளர் நிறுவனம் ஒன்றின் நடவடிக்கைத் தொகுதியிலிருந்து எடுத்தது. அங்கே பேச்சு, ஒரே ஒரு தடவை வார்ப்பதற்கு அச்சை எப்படிச் சுருக்கமாகச் செய்வது என்பது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று அந்த வேலையைப் பார்ப்போம். ஒரே மாதிரிச் சாமான் நூறு வார்க்கவேண்டும் என்றால் மரத்தில் முழு உருவமும் செதுக்கி வைத்துக்கொண்டு மண்ணில் திரும்பத் திரும்ப அழுத்தி அச்செடுப்பார்கள். பெரிய வட்டச் சாமான் ஒன்றே ஒன்று வேண்டும் என்றால் அந்த மரவேலை வீண். அதற்குப் பதிலாக, வேண்டிய வளைவுக்கு விளிம்பு வெட்டிய பலகை ஒன்றை நடுவில் நட்ட தண்டில் பூட்டி, மண்ணின்மேல் சுழற்றுவார்கள். விளிம்பு மண்ணை வழித்து வழித்து அச்சாக்கிவிடும். கெதியாக முடியும், அந்த ஒன்றுக்கு அது போதும்.

சொல்லின் உயிர் இதற்குள்தான் இருக்கிறது. ‘வன்-ஒஃப்’ என்பது எண்ணிக்கை ஒன்று என்பதோடு நிற்காது. திரும்பச் செய்யும் எண்ணம் இல்லாமல், அந்த ஒன்றுக்காகவே செய்தது என்ற பொருளும் கூடவே வரும். ஆகவே முதல் தவணைக் காசை ‘வன்-ஒஃப்’ என்று எழுதக்கூடாது. அது ஒன்றாக வந்தாலும் பின்னால் இரண்டாவது நிற்கிறது. இவ்வளவுதான், இனி இல்லை என்று சொல்லுமிடத்தில் மட்டும்தான் இந்தச் சொல் பொருந்தும்.

மூன்றாம் படி: வசனத்தில் சரியான இடத்தில் வையுங்கள்

பெரும்பாலும் அது ஒரு பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். ‘வன்-ஒஃப் பேமென்ற்’ என்றால் ஒருதடவைக் கொடுப்பனவு. ‘வன்-ஒஃப் ரெயினிங்’ என்றால் தொடர்ச்சி இல்லாத ஒருமுறைப் பயிற்சி. ‘வன்-ஒஃப் விசிற்’ என்றால் ஒரே தடவை வந்து பார்த்துவிட்டுப் போவது. நடுவில் இருக்கும் சிறு கோட்டை விட்டுவிடாதீர்கள், அது இருந்தால் வாசிக்கிறவரின் கண் இரண்டையும் ஒரு சொல்லாகப் பிடித்துக்கொள்ளும்.

தனியாகவும் நிற்கும். சங்கத்தின் பால் சேகரிப்பு ஒருநாள் நின்றுவிட்டது என்று வையுங்கள். வண்டி பழுது. பால் வாங்குகிற கொம்பனிக்கு நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள். “இற் வோஸ் அ வன்-ஒஃப்” என்று ஒரு வரி போட்டால், இது வழக்கமாக நடப்பதில்லை, இனி நடக்காது என்று உறுதி கொடுத்ததாகும். அடுத்த கிழமையும் வண்டி நின்றால் அந்த வரியைத் திரும்ப எழுதமுடியாது, அதையும் யோசித்துத்தான் போடவேண்டும்.

முன்னால் ‘அ’ வரவேண்டுமா ‘அன்’ வரவேண்டுமா என்று பலர் குழம்புவார்கள். பள்ளிக்கூடத்தில் உயிரெழுத்துக்கு முன்னால் ‘அன்’ என்று படித்தோம். ஓ என்ற எழுத்தில் தொடங்குவதால் ‘அன் வன்-ஒஃப்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. ஆங்கிலத்தில் அந்த விதி ஒலிக்கு உரியது. எழுத்து ஓ என்றாலும் வாயில் வருவது ‘வ’. ஆகவே ‘அ வன்-ஒஃப்’.

பன்மைக்கு ‘ஸ்’ ஒலியைக் கடைசியில் சேர்த்து ‘வன்-ஒஃப்ஸ்’ என்றால் போதும். ‘வெரி வன்-ஒஃப்’ என்று அழுத்தம் கொடுக்கமுடியாது. ஒன்று என்பதில் கூடக் குறைய என்ன இருக்கிறது?

நம் ஆட்கள் அடிக்கடி விடும் இன்னொரு பிழை, அதை வினைக்குப் பக்கத்தில் வெறுமனே கொண்டுபோய் வைப்பது. தமிழில் எந்தச் சொல்லோடும் ‘ஆக’ என்று ஒட்டிவிட்டால் வினையோடு சேர்ந்துவிடும், “ஒருதடவையாகத் தந்தார்கள்” என்று. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் “தே கேவ் இற் வன்-ஒஃப்” என்று எழுதுகிறோம். அங்கே “ஆஸ் அ வன்-ஒஃப்” என்று வரவேண்டும். நம்முடைய ‘ஆக’ செய்கிற வேலையை அங்கே ‘ஆஸ் அ’ செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வருடா வருடம் நடப்பதற்கு இந்தச் சொல்லைப் போடவேண்டாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் எவ்வளவு பெரிய விழா, ஆனாலும் அது ‘வன்-ஒஃப்’ இல்லை. அடுத்த வைகாசியிலும் சனம் நடந்து போகும். ஒரு பாடசாலையின் நூற்றாண்டு விழா ‘வன்-ஒஃப்’.

நான்காம் படி: ‘ஒருக்கா’வோடு கவனமாக இருங்கள்

தமிழில் எப்படிச் சொல்வது? அலுவலகத் தமிழில் ‘ஒருதடவைக் கொடுப்பனவு’, ‘ஒருமுறை உதவி’ என்று எழுதலாம், நன்றாகவே விளங்கும். ஆனால் கூட்டத்தில் மரத்தடியில் இருக்கிற அம்மாக்களுக்கு அதைவிடக் கிட்டவான சொல் நம்மிடம் இருக்கிறது. “இது ஒருக்காத் தாற காசு” என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இந்தச் சொல்லை நான் அன்று சொல்லியிருந்தால் அந்தக் கூட்டுக்குள் கோழி இருந்திருக்கும்.

ஆனால் ‘ஒருக்கா’வுக்கு இன்னொரு குணமும் உண்டு. “அண்ணை, ஒருக்கா வாங்கோ” என்று கூப்பிடும்போது நாம் எண்ணிக்கை சொல்லவில்லை. மரியாதையாக, கெஞ்சலாகக் கேட்கிறோம். “ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ” என்பதும் அப்படித்தான். இந்த ‘ஒருக்கா’வை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ‘ப்ளீஸ்’ ஆகவேண்டும். “கம் வன்ஸ்” என்று எழுதினால், வெளியூர் அதிகாரி ஒரே தடவை வந்தால் போதும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதையே ‘வன்-ஒஃப் விசிற்’ என்று எழுதிவிட்டால் இன்னும் மோசம், திரும்ப வரவேண்டாம் என்று நீங்களே கையெழுத்து வைத்துக் கொடுத்த மாதிரி.

ஆகவே கூட்டத்தில் ‘ஒருக்கா’ என்று சொல்லும்போது கூடவே ‘மட்டும்தான்’ அல்லது ‘இனி வராது’ என்று சேருங்கள். “இந்தக் காசு ஒருக்கா மட்டும்தான் வரும்.” இப்போது கெஞ்சலுக்கு இடமில்லை, எண்ணிக்கை மட்டும் நிற்கும்.

ஐந்தாம் படி: ‘ஒவ்’ வரவேண்டிய இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

‘வன்-ஒவ்’ என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் கவனக்குறைவால் எழுதுவதில்லை. ‘வன் ஒவ் அ கைன்ட்’ என்று ஒரு தொடர் ஆங்கிலத்தில் இருக்கிறது, தன் இனத்தில் இது ஒன்றுதான் என்று பொருள். அதன் சுருக்கமாகத்தான் இந்தச் சொல் வந்திருக்கவேண்டும் என்று நினைத்து ஒரு எஃப்பைக் கழற்றிவிடுகிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இந்தப் பிழையை விடுகிறார்கள். நியாயமான ஊகம்தான், ஆனால் சொல் வந்தது அந்த வழியால் அல்ல, பட்டறை வழியால்.

இரண்டுக்கும் பொருளிலும் வித்தியாசம் இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் பனையோலையில் நீத்துப்பெட்டி இழைப்பார். விளிம்பில் சிவப்புச் சாயம் போட்ட ஓலையைக் குறுக்கும் மறுக்குமாக விட்டு, மூலையில் ஒரு முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சு வேறு யாருடைய பெட்டியிலும் வராது, பெட்டியைக் கண்டதும் இது அவருடைய கை என்று சொல்லிவிடலாம். அதை ஆங்கிலத்தில் ‘வன் ஒவ் அ கைன்ட்’ என்று சொன்னால் அழகு. அது புகழ்ச்சி. ஆச்சியிடம் வந்த ஒருவர், தன் கடைக்கு, ஓர் ஆள் உள்ளே இருக்கக்கூடிய அளவுக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டு, ஆச்சி அதை அவருக்காக மட்டும் இழைத்தால் அது ‘வன்-ஒஃப்’. அதில் புகழ்ச்சி இருக்கவேண்டும் என்றில்லை, வெறும் தகவலாகவும் இருக்கலாம். மானியத்தையும் பயிற்சியையும் ‘வன் ஒவ் அ கைன்ட்’ என்று எழுதினால் வாசிக்கிறவர் அது உலகத்தில் இல்லாத மானியம் என்று நினைப்பார்.

‘வன் ஒவ்’ வரும் இன்னொரு இடம், பலவற்றில் ஒன்றைச் சொல்லும்போது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. தமிழில் “அஞ்சு மாடு நிக்குது” என்கிறோம், மாடுகள் என்று சொல்லவேண்டியதில்லை. அந்தப் பழக்கம் ஆங்கிலத்தில் “வன் ஒவ் மை ஃப்ரென்ட்” என்று வந்து நிற்கிறது. இப்படிப் பலவற்றில் ஒன்றைச் சொல்லும் ‘வன் ஒவ்’ வந்தால் பின்னால் பன்மை வந்தே ஆகவேண்டும். “வன் ஒவ் மை ஃப்ரென்ட்ஸ்”, “வன் ஒவ் த ராங்க்ஸ்”. ஆனால் வினை ஒன்றையே பார்க்கும். குளங்களில் ஒன்று நிறைந்துவிட்டது என்றால் “வன் ஒவ் த ராங்க்ஸ் இஸ் ஃபுல்”. அங்கே ‘ஆர்’ வராது. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களில் நான் திருத்தும் பிழைகளில் இதுதான் கூட.

சரி, ஆளைப் பற்றியும் ஒரு சொல். மனிதரையும் ‘வன்-ஒஃப்’ என்று சொல்வார்கள். ஓய்வுபெறும் ரீச்சர் ஒருவருக்குப் பிரியாவிடை உரையில் “ஷீ இஸ் அ வன்-ஒஃப்” என்றால், அவரைப்போல இனியொருவர் வரமாட்டார் என்று அன்பாகச் சொல்வது. பேச்சில் நன்றாக இருக்கும். பழக்கமில்லாத பெரியவருக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம், கொஞ்சம் வித்தியாசமான ஆள் என்ற தொனியும் அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆறாம் படி: எழுதுகிறவர் எந்த ஊர் என்று பாருங்கள்

‘வன்-ஒஃப்’ பிரித்தானிய வழக்கு. இப்போது அமெரிக்காவிலும் கேட்கிறது, ஆனால் அங்கே ‘வன்-ரைம்’ என்பதுதான் பழகிய சொல். அயர்லாந்து, தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா பக்கத்துக் கடிதங்களில் ‘வன்ஸ்-ஒஃப்’ என்று வரும், அதைக் கண்டு பிழை என்று திருத்தப்போகவேண்டாம். வன்னிக்கு உதவி வருவது ஒரு நாட்டிலிருந்து மட்டும் இல்லை. ரொறன்ரோவிலோ மெல்பேர்ணிலோ இருக்கிற ஊர்ச் சங்கத்தில் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை கடிதம் எழுதினால் அந்த நாட்டு ஆங்கிலம்தான் வரும். மூன்றும் பணத்தைப் பற்றிப் பேசும்போது ஒரே பொருள்.

‘வன்-ரைம்’ மனிதருக்கு முன்னால் வந்தால் மட்டும் பொருள் மாறிவிடும். ‘வன்-ரைம் ரீச்சர்’ என்றால் முன்னாள் ஆசிரியர்.

‘வன்-ஒஃப்’ கொஞ்சம் பேச்சுச் சாயல் உள்ள சொல். ஆனாலும் வரவுசெலவுத் திட்டத்திலும் அறிக்கையிலும் தாராளமாகப் புழங்குகிறது. ‘வன்-ஒஃப் கொஸ்ற்’ என்று கணக்கில் எழுதினால் யாரும் குறைசொல்லமாட்டார்கள். ஒப்பந்தத்தில் மட்டும் அதை நம்பி விடவேண்டாம். எவ்வளவு காசு, எந்தத் திகதி, எத்தனை தடவை என்று எண்ணிலேயே எழுதுங்கள்.

கடைசிப் படி: சனத்துக்குச் சொல்லுமுன் எழுதிக் கேளுங்கள்

கடிதத்தில் ‘வன்-ஒஃப்’ இருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். பிறகு கடிதம் முழுவதையும் திரும்ப வாசித்து, தவணை, கட்டம், அடுத்த ஆண்டு என்று எங்காவது வருகிறதா என்று தேடுங்கள். எழுதினவரே ஒரு எஃப்பை விட்டிருக்கவும் கூடும், அப்படியும் கண்டிருக்கிறேன். சந்தேகம் இருந்தால் வெட்கப்படாமல் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: “இஸ் திஸ் அ வன்-ஒஃப் பேமென்ற், ஓர் வில் தெயர் பி ஃபேர்தர் இன்ஸ்ரோல்மென்ற்ஸ்?” இது ஒருதடவைக் கொடுப்பனவா, மேலும் தவணைகள் உண்டா என்று கேட்கிற வசனம். பதில் வந்தால் அச்செடுத்துச் சங்கக் கோப்பில் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். “இந்த உதவி ஒருதடவை மட்டும் கிடைக்கும். அடுத்த கட்டம் இல்லை.” அதை உரத்து வாசியுங்கள். வாசித்துவிட்டு, கூட்டத்தில் ஒருவரைத் தன்னுடைய வாயால் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டலை நம்பவேண்டாம், நம் சனம் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

மூன்று வருடம் கழித்து அதே சங்கத்துக்கு வேறோர் உதவி வந்தது. நான் கடிதத்தைப் பிரித்து ஒரு வரிகூட வாசித்திருக்கமாட்டேன், பின்வரிசையிலிருந்து கூட்டுக்கார அக்கா எழும்பினார்.

“தம்பி, முதல் அதைச் சொல்லும். ஒருதரமோ, கனதரமோ?”

விரலை வைத்து எண்ணினேன். இரண்டு எஃப். “ஒருக்கா மட்டும்தான் அக்கா. இனி வராது.”

அவர் இருந்துவிட்டார். அடுத்த நாள் காலையில் கூட்டுக்குள் இருந்த விறகை வெளியே எடுத்து அடுக்கினார். அந்தக் காசில் முதலில் வாங்கியது குஞ்சு.